மிச்ச வரிசை

வெள்ளிக்கிழமை சமையலறையில் கொதிகலன் பழுதாகிவிட்டது. மறுமொழி இல்லத்துக்கு மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் ஒன்றரை மணிக்கே, இரண்டாம் மாடி வார்டில் பதினான்கு பேர், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

மேகலையிடம் வந்து இதைச் சொன்னவள் பூங்கோதை. அந்த வார்டில் பத்து வருடமாக ஆயா வேலை பார்ப்பவள். மாடிப்படிக்குக் கீழே, இல்லத்தின் கணினி இணைப்புகளை மேகலை பார்த்துக்கொள்ளும் சுவிட்ச் அறையின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஏசி காற்று மேலே பட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஏம் மேகலா, உன்ற மெசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“ஏங்க்கா?”

“கிட்டுச்சாமியண்ணன் சாம்பார் அருமைங்கறாரு.”

மேகலை திரையைப் பார்த்தபடியே சிரித்தாள். “அவரு வாயில நல்ல வார்த்தை வந்தா உங்களுக்குப் பொறுக்காதே.”

“சாம்பாரே வரல புள்ள. இன்னும் அடுப்புலயே ஏறல. ஊட்டாத சாம்பார எப்படிக் குடிச்சாராம்?”

மேகலை திரும்பினாள்.

“அவரு மட்டுமில்ல. வாயில ஊட்டற பதினாலு பேருத்தயும் கேட்டுட்டேன். ஒருத்தரு பாக்கியில்லாம, சாப்பிட்டாச்சு, நல்லா இருந்துச்சுங்கறாங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது. டாக்டரக் கூப்பிடறதா உன்னயக் கூப்பிடறதான்னு ரோசனை பண்ணுனேன். உன்கிட்டயே வந்துட்டேன்.”

மறுமொழி இல்லம் பொள்ளாச்சி சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது. பக்கவாதத்திலோ விபத்திலோ உடம்பு செயலிழந்து, பேச்சும் போனவர்கள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பேச நினைக்கும்போது மூளையில் எழும் துடிப்புகளை அது பிடிக்கும். துடிப்புகள் வார்டு சுவிட்ச் வழியாகச் சென்னையில் இருக்கும் பெரிய கணினிக்குப் போகும். அங்கே சொற்களாகி, திரும்பி வந்து, தலைமாட்டு ஒலிபெருக்கியில் அவரவர் பழைய குரலிலேயே ஒலிக்கும். போய்வர அரை நொடி.

கிட்டுச்சாமி முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ் கவிழ்ந்து கழுத்து முறிந்தது. பட்டை ஒட்டிய அன்று அவர் முதன்முதலாகச் சொன்னதை வார்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். “எவன்டா சாம்பார்ல உப்புப் போடறவன்? அவன அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுடுங்கடா.” மேகலையை அவர் ‘வயரம்மிணி’ என்று கூப்பிடுவார். தை மாதத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிடவில்லை. மனுஷன் அடங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தை மாதம். சுவிட்ச்சில் அவள் கை வைத்ததும் அப்போதுதான்.

“அக்கா, டோல்கேட் பாத்திருக்கீங்கல்ல? நாலு வழியில ஒரு வழிதான் தொறந்திருக்குன்னு வெய்ங்க. மொதல்ல யார விடுவீங்க?”

“ஆம்புலன்ச.”

“இதயத்துடிப்பு பாக்கற கருவி, மூச்சுக் கருவி, அதெல்லாம் நமக்கு ஆம்புலன்ஸ். மொத வரிசை. அடுத்தது டாக்டருங்க. அதுக்கடுத்து, வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க அங்கிருந்தே பாக்கற வீடியோ காட்சி. எது எந்த வரிசைன்னு நான்தான் சுவிட்ச்சுல எழுதி வெப்பேன். தையில ரோட்ட அகலம் பண்ணறேன்னு நம்ம ரெண்டு கேபிள்ல ஒண்ண அறுத்துட்டாங்கல்ல, அப்ப எடம் பத்தல. பேச்ச எடுத்துக் கடைசி வரிசையில போட்டேன். மிச்ச வரிசைன்னு சொல்லுவோம். மத்ததெல்லாம் போன பொறகு எடமிருந்தா அது போகும்.”

“எடமில்லீன்னா?”

“நிக்கும். வரிசை நெறஞ்சுட்டா சுவிட்ச் எடுத்துக் கீழ போட்டுரும்.”

“பொறகு பொறுக்கி எடுத்துக்கலாமா?”

“இல்லீங்க்கா. போனது போனதுதான்.”

சுவிட்ச்களின் விளக்குகள் வரிசையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

“அப்ப அண்ணன் வாயில வர்றது?”

“நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போனா கேக்கறவங்களுக்குக் கரகரன்னு இருக்கும். அது தெரியாம இருக்க, சென்னைக் கணினி அந்த எடத்த நெரப்பும். இவரு என்ன சொல்லியிருப்பாருன்னு ஊகிச்சு.”

“ஒரு எழுத்தயா, பேசற நாயம் மொத்தத்தயுமே நெரப்புமா?”

மேகலை திரையின் பக்கம் திரும்பினாள்.

காட்சிதான் அந்த இல்லத்தின் பெருமை. துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கும் மகன், தன் அறைச் சுவரில் அம்மாவை ஆள் உயரத்துக்குப் பார்க்கலாம். அம்மாவின் முகத்துச் சுருக்கம்கூடத் தெரியும். தையில் கேபிள் அறுந்ததும் படம் உறைய ஆரம்பித்தது. அப்பா பாதி முகத்தோடு நிற்கிறார், அம்மாவின் கை மட்டும் வருகிறது என்று தினமும் புகார். மேகலை ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் பார்த்தாள். பேச்சை இறக்கியபோது எதுவுமே ஆகவில்லை. பேசி முடித்ததும் உறவினர்கள் கொடுக்கும் மதிப்பெண் ஒன்று உண்டு. துடிப்புகளைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பாக்கெட்களில் நூற்றுக்கு நாற்பது தொலைந்தபோதும் அது ஐந்துக்கு நாலு புள்ளி எட்டில் அப்படியே நின்றது. ‘பேச்சு, இழப்பைத் தாங்கும்’ என்று அறிக்கையில் எழுதினாள். புகார்கள் நின்றன. கூட்டத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள்.

மதிப்பெண் கொடுத்தவர்கள் கேட்டவர்கள்தான். பேசியவர்களிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. மூன்று மாதமாக அவளுக்கு இது தோன்றவே இல்லை.

பூங்கோதை போனபிறகு பதிவேட்டைத் திறந்தாள். சென்னைக் கணினி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஓர் எண்ணைக் குறித்து வைக்கும். அதில் எவ்வளவு பேசியவரிடமிருந்து வந்தது என்ற கணக்கு. யாரும் பார்க்காத கணக்கு.

கிட்டுச்சாமி, ஒன்று முப்பத்திரண்டு. ‘சாப்பிட்டாச்சு. சாம்பார் அருமை.’ நூற்றுக்கு ஏழு.

பின்னோக்கிப் போனாள். தைக்கு முன்னால் தொண்ணூற்றொன்பது. மாசியில் முப்பது. பங்குனியில் பதினெட்டு. சித்திரையில் பத்துக்கும் கீழே. பாதி தொலைந்த வாக்கியத்தைத் தேடிச் சேர்ப்பதைவிட முழுதாக ஊகிப்பது கணினிக்குச் சுலபமாக இருந்தது. ஊகித்ததையெல்லாம் பேசியவர் சொன்னதாகவே வைத்துக்கொண்டு அடுத்ததை ஊகித்தது. கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. வலி இல்லை. போயிட்டு வா. வார்டில் இருந்த எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைச் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள்.

அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். தலைமாட்டிலிருந்து தங்கள் குரலிலேயே இன்னொன்று பேசுவதை, தொண்ணூற்றேழு நாட்களாக அவர்கள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபத்துநான்காம் படுக்கையின் பதிவேட்டை அவள் திறக்கவில்லை. விரல் அந்த எண்ணுக்கு மேலே போய் நின்றது. பிறகு கணினியை அணைத்துவிட்டு வெளியே வந்து, வெயிலில் நின்றாள்.

இருபத்துநான்கில் இருந்தவள் அவளுடைய அம்மா.

தெய்வானை சோமனூரில் தறி ஓட்டியவள். ஒருமுறை சொந்தத்தில் ஒறம்பரை ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் சொன்னாள். “என்னைய இப்படிக் குழாய் போட்டுப் படுக்க வெச்சராத புள்ள. வுட்டுரு.” மேகலை சரிம்மா என்றாள். எட்டு மாதம் கழித்து அவளைப் பக்கவாதம் தாக்கியது; அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் காகிதத்தை நீட்டினார். குழாய் போடலாமா வேண்டாமா என்று அதில் இருந்தது. மேகலைக்கு அப்போது இருபத்தாறு வயது. வேறு யாரும் இல்லை. போடலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

பட்டை ஒட்டியதும் அம்மா முதலில் கேட்டது இதுதான்: “என்னைய எதுக்குடி வெச்சிருக்க?”

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூங்கோதையிடம் பேசுவாள். இடுப்பத் திருப்பு, ஃபேனக் கொற. மேகலை உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். மேகலை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டு எழுந்து வருவாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “வா சாமி” என்றது ஒலிபெருக்கி. மேகலை வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த ஞாயிறு தைரியம் வந்து கேட்டாள். “நான் செஞ்சது தப்பாம்மா?” அரை நொடி. “நீ செஞ்சது சரிதான் சாமி.” அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அதே பதில் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வந்தது. பசி எடுத்தது. ஒரு புடவைகூட வாங்கினாள்.

அம்மா இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். “வெயில் நல்லா இருக்கு.” தறிக்கூடத்தின் இருட்டிலேயே காலம் கழித்தவள், வெளிச்சத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று மேகலை நினைத்தாள். கட்டிலை மேற்கு ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். திரையை ஒதுக்கி நாடாவால் கட்டினாள். யாரும் அவிழ்க்கக் கூடாது என்று பூங்கோதையிடம் சொல்லி வைத்தாள். பக்கவாதத்தால் அம்மாவின் இடது கண் முழுதாக மூடாது. சில வாரங்களாக அது சிவந்திருந்தது. உறுத்துகிறதா என்று நர்ஸ் கேட்டபோது, “ஒண்ணும் பண்ணல, நல்லா இருக்கு” என்று பதில் வந்தது. சொட்டு மருந்து போட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் கண் அசைவைப் பார்த்துப் பேசுவதற்கு எழுத்து அட்டை ஒன்று இருந்தது. பட்டை வந்தபிறகு அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மேகலை இம்மானுவேல் சாரின் அறைக்குப் போனாள். தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவர் அவர். கெட்டவர் இல்லை. அவளுடைய அம்மாவுக்கு அங்கே படுக்கை கிடைக்க அலைந்தவரே அவர்தான்.

“ஏழு சதவீதமா?”

“சில பேருக்கு நாலு சார்.”

பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். “பேச்ச மேல ஏத்தினா எது கீழ எறங்கும்?”

“காட்சி. படம் விட்டு விட்டு வரும்.”

“கொஞ்சமாவா?”

“நெறையவே சார். ஞாயித்துக்கெழம ரொம்ப.”

“எல்லாத்தையும் மொத வரிசையிலயே போட்டுட்டா?”

“அப்ப மொத வரிசைன்னே ஒண்ணு இல்லீங்களே சார்.”

அது அவருக்கும் தெரியும். “ஐப்பசியில புது கேபிள் வந்துரும். ஆறு மாசம். பொறுத்துக்க முடியாதா?”

“பொறுத்துக்கறது நானில்லீங்க சார்.”

“மூணு மாசத்துல ஒரு புகார் வரல மேகலை.”

“புகார் சொல்ல வேண்டியவங்க வாயத்தான் சார் நான் கட்டி வெச்சிருக்கேன்.”

அவள் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். மெதுவாகச் சொன்னார்.

“வெளிநாட்டுல இருக்கற ஒரு பையன் ஞாயித்துக்கெழம அம்மாவப் பாக்கறான். நல்லா இருக்கேன்டாங்கறாங்க. நிம்மதியாத் தூங்கப் போறான். நாம போய், தம்பி, அது உங்கம்மா பேசினதில்லைன்னு சொல்லணுமா? தெரிஞ்சு அவன் என்ன பண்ணுவான்?”

“அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னாவது கேப்பான்ல சார்.”

“கேக்கற மாதிரி இருக்குமான்னு யோசி.” பிறகு, எழுந்து போகப் போனவளிடம், “உங்கம்மாவும் இப்பல்லாம் உன்கிட்ட நல்லாப் பேசறாங்கன்னு சொன்னியே,” என்றார். குத்திக் காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

அன்று முழுக்க அந்த வாக்கியம் அவளோடு இருந்தது. வரிசையை மாற்றும்போது சுவிட்ச்சில் ஒரு படுக்கைக்கான போர்ட்டை மட்டும் விட்டுவிடலாம். முப்பது படுக்கைகளை மேலே ஏற்றிவிட்டு, இருபத்துநான்கை மட்டும் கீழேயே வைக்கலாம். சுவிட்ச்சுக்கு அது ஒரு வரிதான். யாருக்கும் தெரியாது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும், நீ செஞ்சது சரிதான் சாமி என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தெரிந்தே கேட்டுக்கொண்டிருக்கலாம். தெரிந்தே நம்புகிறவர்கள் உலகத்தில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குச் சுவிட்ச் அறைக்குள் போனாள். உறவினர்கள் காட்சியில் அதிகம் வரும் நேரம். மூன்றாம் வரிசையில் காட்சி நிறைந்து ஓடியது. மிச்ச வரிசைக்கு எதிரே, கீழே போடப்பட்ட பாக்கெட்களின் எண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அவள் கட்டளைகளை எழுதினாள். பேச்சு மூன்றாவது. காட்சி மிச்சம். ஒன்றிலிருந்து போர்ட் எண்களை எழுதத் தொடங்கினாள். இருபத்துமூன்றுக்குப் பின்னால் காற்புள்ளி வைத்து நிறுத்தி, பிறகு அழித்துவிட்டு, முப்பத்தொன்று வரை முழுதாகவே எழுதினாள். சேமித்தாள். ஏறிக்கொண்டிருந்த எண் நின்றது.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது.

அந்த வார்டில் மூன்று மாதமாக இல்லாத சத்தம். முப்பத்தொரு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. தண்ணி, தண்ணி, தண்ணி என்றது ஒன்று. இன்னொன்று வார்த்தையே இல்லாமல் ஊளையிட்டது. எம் பொண்ண வரச் சொல்லுங்க, அவகிட்ட நான் அப்படிச் சொல்லல என்று ஒரு கிழவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பூங்கோதை நடுவில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றாள்.

“ஏ வயரம்மிணி!” கிட்டுச்சாமியின் குரல். “வந்துட்டியா? மூணு மாசமா என்ற வாயில ஒருத்தன் ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டீங்கறான். டிக்கெட்டும் எடுக்கல, நாயி. சாம்பார் அருமையாம்! என்ற முதுகுல புண்ணு. பூங்கோதைகிட்டத் தெனமும் கத்தறேன், அவன் வலியில்லங்கறான்!”

பூங்கோதை குவளையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேகலை நிற்காமல் இருபத்துநான்குக்குப் போனாள். மேற்கு ஜன்னல் வழியாகச் சித்திரை வெயில் கட்டிலின் தலைப்பக்கம் முழுக்கக் கிடந்தது. மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பேசவில்லை.

“அம்மா. நான்தான்.”

டேப்லெட்டில் இருபத்துநான்காம் எண்ணைத் திறந்தாள். வந்தது நூறு. இழப்பு பூஜ்யம்.

“இப்ப நீங்க பேசறது அப்படியே வரும்மா. நீங்க பேசறது மட்டும்தான்.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, இடையிடையே நின்று, பழகாத பாதையில் நடப்பதுபோல வந்தது அந்தக் குரல்.

“ஜன்ன. ஜன்னலச் சாத்து.”

மேகலைக்கு ஒரு கணம் புரியவில்லை.

“வெயிலு. கண்ணுல. எரியுது.”

அவள் நாடாவை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அவளே இறுக்கிக் கட்டியது. நகத்தால் பிய்த்தாள். திரை விழுந்து, கட்டிலின் மேல் நிழல் வந்தது. வெயில் போனபிறகுதான் அம்மாவின் இடது கண்ணை அவள் சரியாகப் பார்த்தாள். கருவிழியின் மேல் வெள்ளை படர்ந்திருந்தது. இத்தனை வாரமும் அதை வெயிலின் பளபளப்பு என்று நினைத்திருந்தாள்.

“எத்தன நாளாம்மா?”

“தெனமும். தெனமும் சொன்னேன்.” நின்றது. “நான் சாத்தும்பேன். அது நல்லா இருக்குன்னு சொல்லும். நீ இன்னும் தொறப்ப.”

“எனக்குத் தெரியலம்மா.”

“சிரிச்சுட்டே தொறப்ப.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இம்மானுவேல் சார். அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. துபாயிலும் டொராண்டோவிலும் சுவர்களில் அம்மாக்கள் பாதி முகத்தோடு உறைந்து நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் இருக்கிறதென்று தெரியவில்லை. கேட்பதென்றால் இப்போதுதான் கேட்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் வலது கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்தாள்.

“அம்மா. நான் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது தப்பா?”

அரை நொடி போனது. ஒரு நொடி. டேப்லெட்டைப் பார்த்தாள். வந்தது நூறு. இழப்பு பூஜ்யம். வழியில் எதுவும் நிற்கவில்லை, எதுவும் கீழே விழவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. அம்மாவின் வலது கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகலை காத்திருந்தாள். இரண்டு வருடத்தில் அம்மா அவளுக்கு அனுப்பியதில் முழுதாக வந்து சேர்ந்தவை மூன்றுதான். ஒரு கேள்வி. வெயில். இந்த மௌனம்.

போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘பழையபடி மாத்திட்டேன். உன்னோட லாகின நிறுத்தி வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து பாரு. தப்பா எடுத்துக்காதே.’

வார்டின் அந்தக் கோடியில் கிட்டுச்சாமி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். “அவன மொதல்ல என்ற வாயில இருந்து எறக்கி,” என்றவர் நின்று, “ரொம்ப நன்றிங்க. இன்னிக்கு சாப்பாடு நல்லா இருந்துச்சு,” என்றார்.

ஒவ்வொரு படுக்கையாகச் சத்தம் அடங்கியது. தண்ணி கேட்ட குரல், வேண்டாம் என்றது. கிழவர், எம் பொண்ணு தங்கமானவ என்றார். டேப்லெட் திரையில் அனுமதி இல்லை என்று வந்தது.

மேகலை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது. இப்போது அதற்குப் பதில் வந்தது. தங்குதடை இல்லாமல், இனிமையாக.

“நீ செஞ்சது சரிதான் சாமி.”

அம்மாவின் கண் அவள் மேலேயே இருந்தது.

மேகலை எழுந்தாள். பூங்கோதையின் மேஜையிலிருந்த வார்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். பெரிய எழுத்தில் எழுதி, நான்கு மூலையிலும் பிளாஸ்திரி போட்டுத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

பூங்கோதை வந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். “இந்தத் திரையைத் திறக்காதீர்கள். அம்மா சொன்னாலும் திறக்காதீர்கள்.” திரும்பிப் பார்த்தாள். “அம்மா சொன்னாலுமா?”

“சொல்றது அம்மா இல்லீங்க்கா.”

“இப்படி முப்பத்தொரு செவுத்துலயும் எழுதி ஒட்டோணுமே புள்ள. அவங்களுக்கெல்லாம் என்ன வேணும்னு நமக்கெப்படித் தெரியும்?”

மேகலை பிளாஸ்திரிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரையின் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் இருந்தது. அதையும் இழுத்து மூடினாள். கட்டில் இருட்டில் போனது.

“போயிட்டு வா சாமி,” என்றது ஒலிபெருக்கி. “வெயில் நல்லா இருக்கு.”